நாலு இலக்கமும் நாலு நாளும்

பாப்பா,

மூத்தோர் வட்டத்தின் மாதப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி அதன் காரியதரிசி என்னை விடாமல் நச்சரிக்கிறார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: வங்கி கார்டுக்கு ரகசிய எண் வைப்பது எப்படி, வைத்ததை மறக்காமல் இருப்பது எப்படி. செகந்திராபாத் மாரெட்பள்ளியில் இருக்கிற தமிழ்க் கிழங்களில் பாதிப் பேர் நம்பரை மறந்து, தப்புத் தப்பாக அழுத்தி, கார்டு பூட்டிக்கொண்டு பேங்க் வாசலில் நிற்கிறார்களாம். "நீங்க மருந்து கம்பெனி லேப்ல இருந்தவர் சார், பாயிண்ட் பாயிண்ட்டா எழுதுவீங்க" என்று என்னைப் பிடித்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை நானே அப்படித்தான் நின்றேன் என்பதும், ஹப்சிகுடாவிலிருந்து என் மகள் நீ வந்துதான் என்னை மீட்டாய் என்பதும் அவருக்குத் தெரியாது. மூன்று நாளாக எழுத உட்காருகிறேன். 'ஒன்று' என்று எண் போட்டு ஒரு வரி எழுதுகிறேன். எழுந்து போய் கேஸை அணைத்தேனா என்று பார்க்கிறேன். வாசல் கதவைப் பார்க்கிறேன். திரும்ப வந்தால் அந்த வரி பிடிக்கவில்லை, அடித்துவிடுகிறேன். எனக்கு எழுத வேண்டியது வட்டத்துக்கு இல்லை, உனக்கு. அதை வைத்துக்கொண்டு இதை எழுதினால் எப்படி வரும்?

செவ்வாய்க்கிழமை நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வர்ற வியாழக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிளம்புகிறீர்கள். வீடு காலி செய்கிற வேலை தலைக்கு மேல் கிடக்க, அதை விட்டுவிட்டு வந்து என்னை ஏடிஎம்முக்கு அழைத்துப் போனாய். கார்டைச் செருகி, போனுக்கு வந்த எண்ணை நீயே படித்துச் சொல்லி, புது நம்பர் கேட்கும் இடம் வரைக்கும் கொண்டுவந்து விட்டாய். அப்புறம் இரண்டு எட்டு தள்ளிப் போய், கண்ணாடிக் கதவைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். நான், "என்ன நம்பர் வைக்கலாம் பாப்பா?" என்றேன். "நீங்களே வெச்சுக்கோங்கப்பா. எனக்குச் சொல்லாதீங்க" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. பேங்கில் எல்லாரும் சொல்கிற அறிவுரைதான் அது, சரியான அறிவுரை. ஆனால் நான் நம்பரை அழுத்தி முடித்து, "ஆச்சும்மா" என்று கூப்பிட்ட பிறகும் நீ உடனே திரும்பவில்லை. "கார்டை எடுத்து உள்ளே வெச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினாய். அந்த முதுகு ஐந்து நாளாக என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர்தான். உன் பிறந்த நாள். ரெண்டு, நாலு, சைபர், ஆறு. பெட்டிப் பூட்டு, லேப்பில் என் லாக்கர், கார்டு, எல்லாம் அதுதான். அதில் எனக்கு ஒரே பெருமை. கம்பெனி பஸ்ஸில் ஜீடிமெட்லா போய்ச் சேருவதற்குள் யாராவது நம்பர் மறந்துபோச்சு என்று புலம்பினால், "என்னை மாதிரி பொண்ணு பிறந்த நாளை வெச்சுக்கோங்கய்யா, செத்தாலும் மறக்காது" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வேன். அப்புறம் அதே பஸ்ஸில் உன் பிறந்த நாளுக்கு எல்லாருக்கும் சாக்லெட்டும் கொடுப்பேன். எப்பேர்ப்பட்ட புத்திசாலி பார் உன் அப்பன். வட்டத்துக்காரர்களுக்கு நான் எழுத வேண்டிய முதல் பாயிண்ட் இதுதான்: பிறந்த நாள், கல்யாண நாள், வண்டி நம்பர், வீட்டு நம்பர் எதையும் வைக்காதீர்கள். அதெல்லாம் நாம் பெருமையாக ஊருக்குச் சொல்கிற நம்பர். சந்தோஷமான விஷயத்தை யாரால் மூடி வைத்துக்கொள்ள முடியும்?

நீ இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்த சமயம். கார்டு பீரோவில் இருக்கும், பணம் எடுப்பது உன் அம்மா. ஒரு சாயங்காலம் நான் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன், மார்க்கெட் பக்கத்து ஏடிஎம்மிலிருந்து போன் பண்ணுகிறாள். "என்னங்க, தேதி முதல்லயா மாசம் முதல்லயா? ரெண்டு தடவை தப்புன்னு சொல்லிருச்சு." ஒரு கையில் காய்கறிப் பை, ஒரு கையில் கார்டு, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின் மேலேயே வைத்திருக்கிறாள். பஸ் சத்தத்தில் நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "ரெண்டு! நாலு! சைபர்! ஆறு!" பஸ்ஸில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழில்தானே சொன்னோம், இந்த ஊரில் யாருக்குப் புரியப் போகிறது என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். முப்பது வருஷமாக இந்த ஊர்ச் சந்தையில் பேரம் பேசுகிறவன் நான். தெலுங்கில் ரெண்டு ரெண்டுதான், ஆறு ஆறுதான், நாலு நாலுகு. சைபர் எவனுக்கும் புரியும். உன் அம்மா பின்னால் நின்றிருந்த ஒரு பையனுக்கு நான் பாடமே நடத்தியிருக்கிறேன். "ஆன்ட்டி, கார்டை இப்படித் திருப்பிப் போடணும்" என்று தெலுங்கில் மரியாதையாகச் சொல்லி, கார்டை வாங்கிச் செருகிக் கொடுத்தானாம். பணமும் வந்தது. கார்டை அவனே எடுத்துத் துடைத்து இவள் கையில் கொடுத்தானாம். நல்ல பிள்ளை என்று அன்றைக்கு என்னிடம் சொன்னாள். அவன் கொடுத்தது அதே பேங்க், அதே நிறம், ஆனால் வேறு யாருடையதோ கார்டு. அதை இவள் பத்திரமாகக் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை பாஸ்புக்கில் பதிவு போடப் போனவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மூன்று நாளில் மூன்று தடவை யாரோ பணம் எடுத்திருக்கிறார்கள். லேப்பில் ஒரு சோதனை தப்பாக வந்தால் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி, சாவி யாரிடம் இருந்தது என்பது. வீட்டுக்கு வந்து அதையே செய்தேன். பீரோவைத் திறந்தேன், கார்டு அதன் உறையில் இருந்தது. அப்படியானால் வெளி ஆள் இல்லை. நம்பர் தெரிந்தவர்கள் மூன்று பேர். நான் எடுக்கவில்லை. உன் அம்மா எடுக்கவில்லை. மூன்று பேரில் இரண்டு பேர் போனால் மிச்சம் யார் என்று கணக்குப் போட்டேன். அந்த மாதம் நீ லேட்டாக வந்துகொண்டிருந்தாய், காதில் புதுசாக ஒரு ஹெட்போன் இருந்தது, அதையும் சேர்த்துக்கொண்டேன். முப்பது வருஷம் பாட்டில் பாட்டிலாக லேபிள் படித்துச் சம்பளம் வாங்கியவன், அந்தக் கார்டை உறையிலிருந்து உருவி அதில் யார் பேர் இருக்கிறது என்று படிக்கவில்லை. உன் அம்மா அப்போதே சொன்னாள்: "நக்கோங்க, அவகிட்ட கேட்காதீங்க. கைக்கு இப்படிச் சந்தேகம்? அவ அப்படிப்பட்டவளா?" செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள், பதறினால் அவளுக்கு இந்த ஊர் உருதுதான் வரும்; நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதுக்கு. நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

நான் கேட்ட விதம் உனக்கு ஞாபகம் இருக்கும். நேராகக் கேட்கிற யோக்கியதைகூட எனக்கு இல்லை. "உனக்குப் பணம் ஏதாவது வேணும்னா அப்பாகிட்ட கேட்டிருக்கலாமே பாப்பா" என்றேன், ரொம்பப் பாசமாக. நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். "நேனு தீயலேது" என்றாய். கோபம் வந்தால் நீ தெலுங்குக்குப் போய்விடுவாய். நான் எடுக்கவில்லை என்று உன் அப்பாவிடம் வேறு பாஷையில் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் யாரும் கேட்காமல் உன் காலேஜ் பையை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்தாய். இரண்டு ரெக்கார்டு நோட்டு, கால்குலேட்டர், சீப்பு, பஸ் பாஸ், பாதி பிஸ்கட் பாக்கெட், தலைவலி மாத்திரை. அந்த நேரத்தில் ஒரு அப்பன் என்ன செய்ய வேண்டும்? வேண்டாம்மா, எடுத்து வை என்று சொல்ல வேண்டும். நான் பார்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன ஜிப் இருந்தது, அதையும் திறந்தேன். பெண் பிள்ளைகள் மாதத்தில் நாலு நாளுக்கு வைத்துக்கொள்கிற பொட்டலம் இருந்தது. நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது, என் பெண் எடுக்கவில்லை என்று. தெரிந்த பிறகும் "சரி, எடுத்து வை" என்றுதான் சொன்னேன். இறங்கி வர எனக்குத் தெரியவில்லை.

அதோடு விட்டேனா? அன்றைக்கே உன் மாமாவுக்குப் போன் பண்ணி, "வயசுப் பொண்ணு, என்னன்னு கேட்டா சொல்லமாட்டேங்குது மச்சான்" என்று பேசினேன். கதவு சாத்தியிருந்தாலும் உனக்குக் கேட்டிருக்கும். அப்புறம் ஒரு நாள் நீ மாமா வீட்டுக்குப் போனபோது, அவர் மேஜை மேல் இருந்த பர்ஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. மாமா நல்ல மனுஷர், ஏதோ கைப்பழக்கத்தில் எடுத்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தை அவர் மனசில் போட்டது நான். அவரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர். அதனால்தான் வீட்டுக்குள் சொல்லி முடிக்க வேண்டியதை ஊரறிய எழுதுகிறேன். ஊரறியச் சந்தேகப்பட்டவன் மூலையில் நின்று மன்னிப்புக் கேட்டால் அது நியாயம் இல்லை.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. இதை எழுதத்தான் மூன்று நாளாக எழுந்து எழுந்து போகிறேன். இப்போதும் ஒரு தடவை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மறு வாரம் திங்கட்கிழமை உன் அம்மா மறுபடி ஏடிஎம்முக்குப் போனாள், மெஷின் நம்பர் தப்பு என்றது. கார்டை எடுத்துக்கொண்டு நான் பேங்குக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மாள் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், மீ பேரேண்டி?" என்று கேட்டாள். என் பேர் என்ன என்று கேட்கிறாள். கார்டில் இருந்தது எனக்கு முன்பின் தெரியாத ஒருவருடைய பேர். இப்படிக் கார்டை மாற்றிக் கொடுத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவளே விளக்கினாள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "உடனே அவகிட்ட சொல்லுங்க" என்றாள். நானே சொல்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். நீ காலேஜிலிருந்து வந்தாய். தட்டை எடுத்துக்கொண்டு உன் அறைக்குப் போனாய். நான் சொல்லவில்லை. செவ்வாய் சொல்லவில்லை. புதன், நீ பஸ் பாஸுக்குப் பணம் கேட்காமல் நடந்து போனாய் என்று உன் அம்மா அழுதாள், அப்போதும் சொல்லவில்லை. வியாழன் போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சொன்னேன். நாலு நாள் பாப்பா. நீ எடுக்கவில்லை என்று பேங்கே சொன்ன பிறகும் நாலு நாள் உன்னைத் திருடியாகவே காலேஜுக்கு அனுப்பினேன். எப்படிச் சொல்வது என்று யோசித்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அப்பன் தப்புச் செய்தான் என்று மகள் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சொன்னதாவது ஒழுங்காகச் சொன்னேனா? ஸ்வீட் பாக்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, "கார்டு மாறிப்போச்சாம் பாப்பா. ஏமாத்தறவங்க இருக்காங்க. நீயும் ஏடிஎம் போனா ஜாக்கிரதையா இருக்கணும், கையை வெச்சு மறைச்சுக்கிட்டு நம்பர் போடணும்" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் உனக்கு அறிவுரை சொன்னேன். நீ "ஓகேப்பா" என்றாய். ஸ்வீட்டைத் தொடவில்லை. அடுத்த வாரம் கார்டுக்குப் புது நம்பர் வைத்தேன், பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு அதை உனக்குச் சொல்லவில்லை. நீ கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையுமே கேட்கவில்லை என்பதை நான் கவனிக்க இரண்டு வருஷம் ஆனது. ட்யூஷன் எடுத்தாய், வேலைக்குப் போனாய், உன் கல்யாணப் புடவையையே நீ வாங்கிக்கொண்டாய். பெண் பொறுப்பானவள் என்று அதையும் பஸ்ஸில் பெருமையடித்துக்கொண்டேன்.

இந்தப் பதினோரு வருஷத்தில் எத்தனை நம்பர் மாற்றியிருப்பேன் தெரியுமா? ஸ்கூட்டர் நம்பரை வைத்தேன், அது தெருவுக்கே தெரியும். போனின் கடைசி நாலு இலக்கத்தை வைத்தேன், அது இன்னும் மோசம். மனசுக்குத் தோன்றிய நாலை வைத்தேன், பத்து நாளில் அது மனசை விட்டே போய்விட்டது. துண்டுச் சீட்டில் எழுதினேன், சீட்டை எங்கே வைத்தேன் என்று மறந்தேன். போன வாரம் கார்டு பூட்டிக்கொண்டதற்கு வயசுதான் காரணம் என்று உன்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். இந்த மறதிக்காகத் தார்நாகா டாக்டரிடம் போனதை உனக்குச் சொல்லவில்லை. இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. கார்டு ரகசிய எண் மறந்தால் பேங்கில் வேறு வாங்கலாம். உனக்குச் சொல்ல வேண்டியதை நான் மறந்துபோனால், அதை யார் போய் எங்கே வாங்குவது?

செவ்வாய்க்கிழமை நீ முதுகைக் காட்டி நின்றபோது நான் அழுத்திய நாலு இலக்கம், அந்தச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எடுத்தது. எதை எண்ணினேன், எந்த வரிசையில் போட்டேன் என்பதெல்லாம் வேண்டாம். அதை ஒருவராலும் ஊகிக்க முடியாது, ஏனென்றால் நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் மறக்காது, மறக்க முயற்சி செய்து தோற்றவன் நான். வட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல உபாயம் இது. சந்தோஷத்தில் நம்பர் தேடாதீர்கள், வெட்கத்தில் தேடுங்கள். அதை நீங்களே காப்பாற்றுவீர்கள். ஆனால் இப்படி எல்லாவற்றையும் எழுதிவிட்ட பிறகு அந்த நம்பர் பத்திரமில்லையே. அதனால் நேற்று நானே தனியாகப் போய், கையை வைத்து மறைத்துக்கொண்டு வேறு நம்பர் வைத்துவிட்டேன். இன்று காலையில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவையும் எழுதி உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டாள். நாலு நாள் விஷயம் வந்தபோது கையை நிறுத்தினாள். முடித்த பிறகு கேட்டாள்: "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. யாருக்கு எழுதியிருக்கீங்க?"

"பாப்பாவுக்குத்தான்."

"அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ பேசுவாய், ஒரு எழுத்துக்கூடப் படிக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித் தருகிறேன் என்று ஆரம்பித்து, ஆவன்னாவிலேயே நிறுத்தியவன் நான். உனக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா என்ன?

"அன்னைக்கும் அவளைத் தவிர எல்லார்கிட்டயும் பேசினீங்க" என்றாள் உன் அம்மா. "இப்பவும் அதேதான் செய்றீங்க."

அவள் சொன்னதுதான் நிஜம். அதனால் இந்தக் காகிதங்களைக் காரியதரிசியிடம் இன்னும் கொடுக்கவில்லை. நாளைக் காலையில் ஹப்சிகுடாவுக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். பெட்டி கட்டுகிற வேலை இருக்கும், இருக்கட்டும், ஒரு அரை மணி நேரம் உட்கார். மாப்பிள்ளையும் இருக்கட்டும். முதல் வரியிலிருந்து நானே படிக்கிறேன். நடுவில் நான் டீ கேட்பேன், பெட்டி எத்தனை கிலோ என்பேன், அங்கே குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா என்று அறிவுரை ஆரம்பிப்பேன். என்னை எனக்குத் தெரியும். விடாதே, "படிங்கப்பா" என்று சொல். கேட்டு முடித்ததும் உனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகலாம். அதற்கு உனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. இதைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று நீ சொன்னால் போட மாட்டேன்.

ஒரே ஒரு வரியை மட்டும் காகிதத்தைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நீ எடுக்கலை பாப்பா, அப்பா அன்னைக்கே தெரிஞ்சும் சொல்லலை, என்னை மன்னிச்சுடு. காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் குரல் வரவில்லை. நாளைக்கும் வராமல் போனால், வருகிற வரைக்கும் நான் உன் வீட்டை விட்டுக் கிளம்புவதாக இல்லை.

அப்பா